மீட்டவர்களை மறந்த மீட்புப் படம்: ‘பிளாக் ஹாக் டவுன்’ பலமும் பலவீனமும்

ராணுவ மீட்பு ஆக்‌ஷன் படம் என்றதும் பலரும் முதலில் சொல்லும் பெயர்களில் ஒன்று ‘பிளாக் ஹாக் டவுன்’. 2001 டிசம்பர் கடைசியில் அமெரிக்காவில் ஒருசில திரையரங்குகளில் வெளியாகி, அடுத்த மாதம் நாடு முழுக்கத் திரையிடப்பட்ட படம். ரிட்லி ஸ்காட் இயக்கம், ஜெர்ரி பிரக்ஹைமர் தயாரிப்பு. படத்தொகுப்புக்கும் ஒலிக்கும் ஆஸ்கர் வாங்கியது. பல தடவை பார்த்த பிறகும் அதன் தொழில்நேர்த்தி எனக்கு வியப்பாகவே இருக்கிறது. பல தடவை பார்த்த பிறகும் அது விட்டுவிட்ட விஷயங்கள் மனதை நெருடிக்கொண்டே இருக்கின்றன. இந்த இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: அமெரிக்கச் சிப்பாய் என்ன பார்த்தானோ, அவனுக்கு என்ன தெரிந்ததோ, அதற்கு மேல் போவதில்லை என்று படம் எடுத்த முடிவு. அந்த முடிவால்தான் படம் நம்மைப் பிடித்து உட்கார வைக்கிறது. அதே முடிவால்தான் ஒரு நகரமே அதில் காணாமல் போகிறது.

நடந்தது என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் இந்தப் படத்தை எடைபோட முடியாது.

சோமாலியாவில் சர்வாதிகாரி சியாத் பாரே 1991 ஜனவரியில் தலைநகர் மொகடிஷுவை விட்டுத் துரத்தப்பட்டார். துரத்திய குலப்படைகள் அடுத்து தங்களுக்குள் மோதிக்கொண்டன. வயல்கள் அழிந்தன, கால்நடைகள் பறிபோயின, 1992இல் பெரும் பஞ்சம். நிவாரண உணவை ஆயுதக் கும்பல்கள் வழிமறித்துப் பறித்தன. அந்த ஆண்டு டிசம்பரில் அமெரிக்கா பெரும்படையை இறக்கி உணவு வண்டிகளுக்குப் பாதுகாப்புக் கொடுத்தது. 1993 மே மாதம் பொறுப்பு ஐ.நா. படையின் கைக்கு மாறியது. ஜூன் 5ஆம் தேதி 24 பாகிஸ்தான் அமைதிப்படையினர் மொகடிஷுவில் கொல்லப்பட்டார்கள். பழி ஹப்ர் கிதிர் குலத் தலைவர் மொஹம்மத் ஃபரா அய்தீத் மேல் விழுந்தது. அவரைப் பிடிக்கத் துப்புக் கொடுத்தால் 25,000 டாலர் என்று ஐ.நா. அறிவித்தது. ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்க ராணுவத்தின் சிறப்புப் பிரிவுகளான ரேஞ்சர்களும் டெல்டா படையும் சேர்ந்த தனிப்படை ஒன்று மேஜர் ஜெனரல் வில்லியம் கேரிசன் தலைமையில் வந்து இறங்கியது.

அக்டோபர் 3, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். பகாரா சந்தைக்குப் பக்கத்தில், ஒலிம்பிக் ஹோட்டலை ஒட்டிய ஒரு கட்டடத்தில் அய்தீதின் முக்கியமான ஆட்கள் இரண்டு பேர் கூடுகிறார்கள் என்று தகவல். சுமார் 160 வீரர்கள், 19 விமானங்களும் ஹெலிகாப்டர்களும், 12 வண்டிகள். ஒரு மணி நேரத்தில் முடித்துத் திரும்பவேண்டிய வேலை. பிடிக்க வந்தவர்களைப் பிடித்தும் விட்டார்கள். 4.20 மணி வாக்கில் ஒரு பிளாக் ஹாக் ஹெலிகாப்டர் ராக்கெட் குண்டு பட்டு விழுந்தது. இருபது நிமிடத்தில் இன்னொன்று விழுந்தது. அந்த நொடியிலிருந்து கைது வேலை மீட்பு வேலையாக மாறியது. மறுநாள் காலை வெளிச்சம் வந்த பிறகுதான் கடைசி ஆள் வெளியே வந்தார். அமெரிக்கர் 18 பேர் பலி, 73 பேர் காயம். சோமாலியரில் எத்தனை பேர் இறந்தார்கள் என்பதற்கு ஒரே கணக்கு கிடையாது. சில நூறிலிருந்து ஆயிரம் வரை சொல்கிறார்கள்.

இந்தப் பதினைந்து சொச்சம் மணி நேரத்தைத்தான் படம் எடுத்துக்கொண்டது.

பலத்தில் முதலாவதாக நான் வைப்பது, ஆபத்து எப்படிப் படிப்படியாகச் சேர்ந்தது என்று படம் காட்டும் விதம். கிளம்புவதற்கு முன் வீரர்கள் பை கட்டும் காட்சியைக் கவனியுங்கள். ஒருவன் மார்புக் கவசத்தோடு முதுகுப் பக்கத் தகடும் எதற்கு என்று கழற்றி வைக்கிறான். பட்டப்பகலில் இருட்டில் பார்க்க உதவும் கண்ணாடி எதற்கு என்று அதுவும் போகிறது. தண்ணீர்க் குடுவைக்குப் பதில் இன்னும் கொஞ்சம் தோட்டா. எல்லாம் நியாயமான யோசனையாகவே தெரிகிறது, ஏனென்றால் ஒரு மணி நேர வேலை. இரண்டு மணி நேரம் கழித்து இருட்டுகிறது. தொண்டை வறள்கிறது. கழற்றி வைத்த ஒவ்வொன்றும் நமக்கு ஞாபகம் வருகிறது. யாரும் வாய்விட்டு அதைச் சொல்வதில்லை. சாதாரண ஆக்‌ஷன் படத்தில் வில்லனின் சூழ்ச்சியால்தான் ஆபத்து வரும். இங்கே நேற்று வரை எல்லாம் நல்லபடியாகப் போனதால் வந்த நம்பிக்கையே ஆபத்தாக மாறுகிறது. உண்மையிலும் அப்படித்தான். இந்தத் தனிப்படை அதற்கு முன் ஆறு முறை வெளியே போய் வந்திருந்தது. எதிராளி அந்த ஆறையும் பார்த்துப் பாடம் படித்திருந்தான்.

இரண்டாவது, தொலைந்துபோன வாகன வரிசை. கைதிகளை ஏற்றிக்கொண்ட வண்டிகள் கர்னல் மெக்நைட் தலைமையில், விழுந்த ஹெலிகாப்டரைத் தேடிக் கிளம்புகின்றன. வானத்தில் உயரத்தில் ஓர் ஓரியன் உளவு விமானம் சுற்றுகிறது. அதிலிருப்பவர்களுக்குத் தெருக்கள் எல்லாம் தெளிவாகத் தெரிகின்றன. ஆனால் அவர்களால் வண்டியோடு நேராகப் பேச முடியாது. அவர்கள் சொல்வது கட்டளை மையத்துக்குப் போய், அங்கிருந்து வானொலி வழியாகக் கீழே வருகிறது. "இடது பக்கம் திரும்பு" என்ற குரல் வந்து சேரும்போது திரும்பவேண்டிய தெரு பின்னால் போயிருக்கும். அடுத்த தெருவில் திரும்புகிறார்கள். அங்கே துப்பாக்கிகள் காத்திருக்கின்றன. ஒவ்வொரு தப்பான திருப்பத்துக்கும் ஓர் உயிர் போகிறது. ஒரு சில நொடித் தாமதம் என்ன செய்யும் என்பதை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய போர்ப்படக் காட்சி எனக்குத் தெரிந்து வேறில்லை. இந்தப் படத்தில் எது எங்கே நடக்கிறது என்றே புரியவில்லை என்று குறை சொல்பவர்கள் உண்டு. இந்தக் காட்சிக்கு மட்டும் அந்தக் குறை பொருந்தாது. மேலே இருப்பவனுக்கு வரைபடம் தெரிகிறது, கீழே இருப்பவனுக்குச் சுவர் தெரிகிறது. படத்தொகுப்பாளர் பியெட்ரோ ஸ்காலியா இந்த இரண்டு பார்வைகளையும் மாறி மாறி வைத்து, நாமே ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து வழி தெரியாமல் தவிப்பதுபோல் செய்துவிடுகிறார்.

ஒலியைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். தூரத்துத் துப்பாக்கிக்கும் பக்கத்துத் துப்பாக்கிக்கும், சுவரில் படும் தோட்டாவுக்கும் தகரத்தில் படும் தோட்டாவுக்கும் வேறு வேறு ஓசை. ஒரு வீரனின் காதுக்கு வெகு அருகில் கூட்டாளி இயந்திரத் துப்பாக்கியால் சுடுகிறான். அதோடு அவனுக்குக் காது கேட்காமல் போகிறது. அப்புறம் அவன் எல்லோரிடமும் கத்திக் கத்திப் பேசுகிறான். மேலே ஹெலிகாப்டர் சுடும்போது கொதிக்கும் வெற்றுத் தோட்டா உறைகள் கீழே இருப்பவர்கள் மேல் மழையாகக் கொட்டுகின்றன. இப்படிப்பட்ட விவரங்கள் அங்கே இருந்தவர்கள் சொல்லாமல் யாருக்கும் தோன்றாது. மூலம் அப்படிப்பட்டது. பத்திரிகையாளர் மார்க் போடன் 1997இல் ‘ஃபிலடெல்ஃபியா இன்க்வயரர்’ நாளிதழில் தொடராக எழுதி, 1999இல் புத்தகமாக்கியது. அதில் ஈடுபட்ட ஏராளமான பேரைத் தேடிப் பிடித்துப் பேசி எழுதியவர் அவர்.

ஒளிப்பதிவாளர் ஸ்வாவோமிர் இட்சியாக் போலந்துக்காரர், கலைப்படங்களில் பெயர் எடுத்தவர். பகலைப் புழுதி மஞ்சளிலும் இரவைப் பச்சையிலும் நீலத்திலும் தோய்த்துக் கொடுத்தார். மொகடிஷுவில் படமெடுக்க வழியில்லாததால் மொராக்கோவில் ரபாத்தையும் அதை ஒட்டிய சலே நகரத்தையும் மொகடிஷுவாக மாற்றினார்கள். பறக்கும் பிளாக் ஹாக்குகள் அசல். அமெரிக்க ராணுவமே கொடுத்தது, ஓட்டியவர்களும் ராணுவ விமானிகள். கணினியில் வரைந்த ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றில் இறங்குவதற்கும், அசல் ஹெலிகாப்டர் கிளப்பும் புழுதியில் இறங்குவதற்கும் உள்ள வித்தியாசம் திரையில் அப்பட்டமாகத் தெரிகிறது.

மனதை விட்டுப் போகாத காட்சி ஒன்றுண்டு. தொடையில் குண்டு பட்ட இளம் சிப்பாய் ஒருவனை ஒரு வீட்டுக்குள் கிடத்தியிருக்கிறார்கள். பெரிய ரத்தக்குழாய் அறுந்து உள்ளே இழுத்துக்கொண்டுவிட்டது. மருத்துவச் சிப்பாய் காயத்துக்குள் கையை விட்டு அதைத் தேடுகிறான். பிடிபடுகிறது, நழுவுகிறது. ஹெலிகாப்டர் வந்து தூக்கிப்போனால் பையன் பிழைப்பான். இன்னொரு ஹெலிகாப்டரை இறக்கினால் அதுவும் விழும் என்று மேலே மறுக்கிறார்கள். மறுப்பது சரிதான் என்று நமக்கும் தெரியும். பையனிடம் ஏதோ சமாதானம் சொல்கிறார்கள். மீட்புப் படங்களில் மீட்பு என்றால் கடைசி நிமிடத்தில் வந்து இறங்கும் உதவி. இங்கே அந்த உதவி வராது. ஏன் வராது என்பதற்கான காரணமும் நம் கையிலேயே கொடுக்கப்படுகிறது. இந்த ஒரு காட்சிக்காகவே இதைப் போரைக் கொண்டாடும் படம் என்று ஒரேயடியாக ஒதுக்க எனக்கு மனம் வருவதில்லை.

இதோடு சேர்த்துச் சொல்லவேண்டியது, கேரி கோர்டன், ரான்டி ஷூகார்ட் என்ற இரண்டு டெல்டா வீரர்களின் காட்சி. இரண்டாவதாக விழுந்த ஹெலிகாப்டரில் விமானி மைக்கேல் டூரன்ட் உயிரோடு இருக்கிறார், கூட்டம் நெருங்குகிறது, தரைப்படை வந்து சேராது. எங்களை இறக்கிவிடுங்கள் என்று இருவரும் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். மறுத்து மறுத்து, கடைசியில் அனுமதி கிடைக்கிறது. இருவரும் இறந்தார்கள். டூரன்ட் பிடிபட்டு, 11 நாள் சிறையிருந்து, விடுதலையானார். இருவருக்கும் அமெரிக்காவின் மிக உயர்ந்த ராணுவ விருது மரணத்துக்குப் பின் கொடுக்கப்பட்டது. படம் இதை வசனம் பேசிப் பெரிதுபடுத்தவில்லை. வானொலியில் இரண்டு வரி, அவ்வளவுதான். அந்த அடக்கம் அவர்களுக்குச் செய்த மரியாதை.

சரி, பலவீனத்துக்கு வருகிறேன்.

சின்னக் குறை ஒன்றை முதலில் சொல்லிவிடலாம். பாத்திரங்கள் மனதில் பதிவதில்லை. ஒரே சீருடை, ஒரே மொட்டைத் தலை, எல்லோர் முகத்திலும் புழுதி. ஹெல்மெட்டில் பெயரை எழுதி ஸ்காட் சமாளிக்கப் பார்த்தார். பாதிதான் பலித்தது. ஒற்றை நாயகனுக்குப் பழகிய நம் ஊர் ரசிகருக்கு முதல் ஒரு மணி நேரம் திண்டாட்டம்தான். ஆனால் நான் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தத் தெருவில் ஒற்றை நாயகன் யாரும் இருக்கவில்லை. அப்படி ஒருவனை உருவாக்காமல் விட்டது நேர்மை.

பெரிய குறை, படம் தொடங்கும்போது திரையில் வரும் எழுத்துகளிலேயே இருக்கிறது. பஞ்சம், அமெரிக்கப் படை வருகை, ஜூனில் பாகிஸ்தானியர் கொலை என்று வரிசையாகச் சொல்லிவரும் அந்த எழுத்துகள், ஜூனிலிருந்து நேராக ஆகஸ்ட் கடைசிக்குத் தாவுகின்றன. நடுவில் ஜூலை 12 என்று ஒரு நாள் இருந்தது. அன்று ‘அப்தி இல்லம்’ என்று அழைக்கப்பட்ட வீட்டில் ஹப்ர் கிதிர் குலப் பெரியவர்கள் கூடியிருந்தபோது, அமெரிக்க ஹெலிகாப்டர்கள் அந்த வீட்டை ஏவுகணைகளால் தாக்கின. இறந்தவர்கள் 54 பேர் என்று செஞ்சிலுவைச் சங்கம் கணக்குச் சொன்னது. சோமாலியர் தரப்பு எழுபதுக்கு மேல் என்றது. சமாதான யோசனை பேசவே கூடியிருந்தார்கள் என்பது அவர்கள் வாதம். செய்தி சேகரிக்கப் போன நான்கு வெளிநாட்டுப் பத்திரிகையாளர்களை ஆத்திரமடைந்த கூட்டம் அங்கேயே அடித்துக் கொன்றது. அதற்கு முன் அய்தீதைப் பிடிக்காதவர்கள்கூட அந்த நாளுக்குப் பிறகு அவர் பக்கம் சாய்ந்தார்கள்.

இதைச் சொல்லாமல் அக்டோபர் 3ஐச் சொன்னால் என்ன ஆகிறது? ஹெலிகாப்டர் விழுந்ததும் நாலா பக்கமிருந்தும் ஆயிரக்கணக்கானவர்கள், பெண்கள், சிறுவர்கள் உட்பட, துப்பாக்கிச் சூட்டுக்குள்ளேயே ஓடிவருவது நமக்குப் புரிவதில்லை. உணவு கொடுக்க வந்தவர்களை இப்படித் தாக்குகிறார்களே, இவர்கள் என்ன மனிதர்கள் என்று தோன்றிவிடுகிறது. ஹெலிகாப்டர் அந்த ஊர்க்காரர்களுக்கு என்னவாக மாறியிருந்தது என்று தெரிந்தால் அந்த ஓட்டம் புரியும். ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை, புரிந்தால் போதும். இத்தனைக்கும் போடனின் புத்தகத்தில் இது இருக்கிறது. அவர் மொகடிஷுவுக்கே போய்ச் சோமாலியரிடமும் பேசி எழுதினார். ஆக, தகவல் கிடைக்காமல் விடுபட்டதல்ல. கையில் இருந்ததை எடுத்து ஓரமாக வைத்திருக்கிறார்கள்.

சிப்பாய்க்கு அது தெரியாது, அதனால் படமும் சொல்லவில்லை என்று ஒரு சமாதானம் சொல்லலாம். அது நிற்காது. தொடக்க எழுத்துகள் சிப்பாயின் பார்வையே இல்லை. அங்கே படம் தன் சொந்தக் குரலில் வரலாறு சொல்கிறது. சொல்ல ஆரம்பித்த பிறகு பாதியை விழுங்குவது தப்பு.

சோமாலியர் மனிதர்களாகத் தெரியும் கணங்கள் படத்தில் அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். கையில் துப்பாக்கியோடு நிற்கும் ஒரு சிறுவன் அமெரிக்க வீரனைச் சுடப்போய், வீரன் வழுக்கி விழ, தோட்டா சிறுவனின் அப்பா மேல் பட்டுவிடுகிறது. அவன் அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுகிறான். வழிதப்பிய ஒரு ரேஞ்சர் கதவைத் திறந்தால் உள்ளே ஒரு பள்ளிக்கூடம், பயந்துபோன குழந்தைகள். பிடிபட்ட டூரன்டிடம் பேசும் போராளி, அய்தீதைப் பிடித்துவிட்டால் நாங்கள் எல்லோரும் ஆயுதத்தைக் கீழே போட்டுவிடுவோமா என்று கேட்கிறான். படத்தில் அரசியல் பேசும் மிகச்சில இடங்களில் அது ஒன்று. ஆனால் இவையெல்லாம் வந்து போகும் கணங்கள். சோமாலியர் ஒருவர்கூடக் கதையின் தொடக்கத்திலிருந்து முடிவு வரை நம்மோடு வருவதில்லை. நடித்தவர்களிலும் சோமாலியர் இல்லை என்ற குற்றச்சாட்டு அப்போதே எழுந்தது. பின்னணியில் ஒலிக்கும் குரல்களில் செனகல் நாட்டுப் பாபா மாலும் அல்ஜீரியாவில் பிறந்த ரஷீத் தாஹாவும் இருக்கிறார்கள். அருமையான பாடகர்கள். ஆனால் மொகடிஷுவுக்கும் டாக்காருக்கும் நடுவில் ஒரு கண்டமே கிடக்கிறது. ஏதோ ஓர் ஆப்பிரிக்கா என்றால் போதும் என்று நினைத்திருக்கிறார்கள். ஹெலிகாப்டரின் திருகாணி வரைக்கும் சரியாக இருக்கவேண்டும் என்று பார்த்தவர்களுக்கு, எதிரே நின்றவனின் பாட்டு எந்த ஊர்ப் பாட்டு என்று பார்க்கத் தோன்றவில்லை.

முடிவில் வரும் எழுத்துகளில் இந்த வித்தியாசம் இன்னும் துலக்கமாகத் தெரியும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட சோமாலியர் இறந்தார்கள் என்று ஒரு வரி. பிறகு இறந்த அமெரிக்கர் 19 பேரின் பெயர்கள். மூன்று நாள் கழித்துப் பீரங்கிக் குண்டு விழுந்து இறந்த ஒருவரையும் சேர்த்து 19. பெயர் போட்டது மிகவும் சரி. இறந்தவர்களின் பெற்றோரும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அந்த ஆயிரம் பேருக்கும் இருந்தார்கள்.

சோமாலியரைப் பற்றிய இந்த விமர்சனம் படம் வந்த நாளிலிருந்தே பேசப்படுவது. மீட்புப் படம் என்ற கோணத்தில் எனக்கு அதைவிட வியப்பாக இருப்பது, இந்த மீட்புப் படத்தில் மீட்டவர்களுக்கே முகம் இல்லை என்பது.

விழுந்த முதல் ஹெலிகாப்டரைச் சுற்றித் தொண்ணூற்றுச் சொச்சம் அமெரிக்க வீரர்கள் இரவு முழுக்கச் சிக்கியிருந்தார்கள். அவர்களை வெளியே கொண்டுவர அமெரிக்கர்களிடம் கவச வண்டியே இல்லை. செப்டம்பரில் தளபதிகள் டாங்கியும் கவச வண்டியும் கேட்டபோது பாதுகாப்புத் துறை அமைச்சர் லெஸ் ஆஸ்பின் மறுத்திருந்தார். இருந்தவை பாகிஸ்தானின் பழைய எம்-48 டாங்கிகள் நான்கும், மலேசியாவின் காண்டோர் கவச வண்டிகளும்தான். ஆனால் ரகசியம் காக்கவேண்டும் என்று அமெரிக்கர்கள் இந்தக் கைது நடவடிக்கையைப் பற்றி ஐ.நா. கூட்டாளிகளிடம் முன்கூட்டியே சொல்லியிருக்கவில்லை. அதனால் இருட்டிய பிறகு, வேறு வேறு மொழி பேசும் மூன்று நாட்டுப் படைகள் ஒரு வாகன நிறுத்துமிடத்தில் கூடி, அவசர அவசரமாகத் திட்டம் போடவேண்டியிருந்தது. மலேசியக் காலாட்படை வீரர்கள் தங்கள் வண்டிகளிலிருந்து இறங்கி அமெரிக்க வீரர்களுக்கு இடம்விட்டார்கள். ஓட்டுநர்களும் துப்பாக்கி இயக்குபவர்களும் மலேசியர்களாகவே இருந்தார்கள். இரவு 11.20 வாக்கில் கிளம்பிய வரிசை சுட்டுக்கொண்டே போய் நள்ளிரவு தாண்டி, இரண்டு மணியை நெருங்கும்போதுதான் சிக்கியவர்களை அடைந்தது. மாட் அஸ்னான் அவாங் என்ற மலேசிய வீரர் அங்கே உயிரிழந்தார். மலேசியர் ஏழு பேரும் பாகிஸ்தானியர் இரண்டு பேரும் காயப்பட்டார்கள்.

ஒரு திரைக்கதை ஆசிரியருக்கு இதைவிட என்ன வேண்டும்? தன்னிடம் எதுவும் சொல்லாமல் போய் மாட்டிக்கொண்டவனைக் காப்பாற்ற, பக்கத்து முகாம்காரன் தன் உயிரைப் பணயம் வைத்துக் கிளம்புகிறான். இதற்குத்தானே மீட்புக் கதை என்று பெயர். படத்தில் இது சில நிமிடங்களில் கடந்து போகிறது. வெள்ளை வண்டிகள் இருட்டில் வருகின்றன, கதவு திறக்கிறது, ஏறுகிறார்கள். விடிந்ததும், வண்டியில் இடமில்லாதவர்கள் ஓடியே பாகிஸ்தானியர் முகாமிட்டிருந்த விளையாட்டு மைதானத்தை அடைகிறார்கள். அங்கே பாகிஸ்தானியர் தட்டில் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். திரையில் அவர்களுக்குக் கிடைத்த நெருக்கமான காட்சி கிட்டத்தட்ட அதுதான். அந்த ஓட்டம்கூட உண்மையில் மைதானம் வரை நடக்கவில்லை. சில தெருக்கள் தாண்டி, பெரிய சாலையில் காத்திருந்த வண்டிகளில் அவர்கள் ஏறிக்கொண்டார்கள். ஓடியே வந்து சேர்ந்தார்கள் என்றால் காட்சி அழகாக இருக்கிறது. ஆனால் அதில் மறைவது யாருடைய பங்கு என்று யோசிக்கவேண்டும்.

படம் வந்தபோது, மொகடிஷுவில் மலேசியப் படைக்குத் தலைமை தாங்கிய பிரிகேடியர் ஜெனரல் அப்துல் லத்தீஃப் அஹ்மத் பகிரங்கமாகவே வருத்தப்பட்டார். சண்டை போட்டது அமெரிக்கர்கள் மட்டும்தான், மலேசியர்கள் வெறும் பஸ் ஓட்டுநர்கள் என்ற எண்ணம் வந்துவிடும் என்றார். பாகிஸ்தான் அதிபராக இருந்த பர்வேஸ் முஷாரஃப் 2006இல் வெளியிட்ட தன் வரலாற்று நூலில், தங்கள் வீரர்களின் பங்கைப் படம் மறைத்துவிட்டதாக எழுதினார். அரசியல்வாதியின் பெருமிதம் என்று தள்ளிவிட முடியாத புகார் அது. அந்த டாங்கிகள் இல்லாவிட்டால் விடியலுக்குப் பிறகு கணக்கு வேறாக இருந்திருக்கும்.

ஏன் இப்படி ஆனது? இரண்டு காரணம் தெரிகிறது. ஒன்று, ராணுவம் ஹெலிகாப்டர் கொடுத்தால் கதையையும் படித்துப் பார்க்கும். ஹாலிவுட்டில் இது பல பத்தாண்டு வழக்கம், ரகசியம் ஒன்றுமில்லை. படத்தில் வாஷிங்டன் மேல் ஒரு குறை வருகிறது, கேட்ட கவச வண்டியும் பீரங்கி பொருத்திய தாக்குதல் விமானமும் கிடைக்கவில்லை என்று. அதற்கு மேல் மேலிடத்தை நோக்கி எந்தக் கேள்வியும் போவதில்லை. இந்தச் சண்டைக்கு ஒரு வாரத்துக்கு முன், செப்டம்பர் 25 அன்றே, இதே நகரத்தில் ஒரு பிளாக் ஹாக் ராக்கெட் குண்டால் விழுந்து மூன்று பேர் இறந்திருந்தார்கள். அப்படியிருந்தும் பட்டப்பகலில், அய்தீதின் கோட்டையான சந்தைப் பகுதிக்கு, அதே ஹெலிகாப்டர்களில் ஏன் போனார்கள்? ராணுவத்தை மதிப்பவர்தான் முதலில் கேட்கவேண்டிய கேள்வி இது.

இரண்டாவது காரணம் படத்தின் மையக் கருத்திலேயே இருக்கிறது. ஹூட் என்ற டெல்டா வீரன், குண்டு பறக்க ஆரம்பித்ததும் அரசியல் எல்லாம் மறந்துவிடும், பக்கத்தில் நிற்பவனுக்காகத்தான் சண்டை போடுகிறோம் என்கிறான். சிப்பாய் அப்படித்தான் நினைப்பான். நினைக்கட்டும், அதில் உண்மை இருக்கிறது. ஆனால் படமே அதைத் தன் முடிவுரையாக எடுத்துக்கொண்டால், பக்கத்தில் நிற்பவன் யார் என்று வரையறுக்கவேண்டிவரும். இந்தப் படம் அதை அமெரிக்கச் சீருடையோடு நிறுத்திவிட்டது. இறந்த தோழனின் உடலை எதிரி கையில் விட மாட்டேன் என்பது ரேஞ்சர்களின் உறுதிமொழி. நொறுங்கிய ஹெலிகாப்டரில் சிக்கிய விமானி வோல்காட்டின் உடலை வெட்டி எடுக்க விடியும் வரை எல்லோரும் காத்திருந்தார்கள். அந்த நேரம் முழுக்க மலேசிய ஓட்டுநர்களும் அதே துப்பாக்கிச் சூட்டில் காத்திருந்தார்கள். அவர்களும் பக்கத்தில் நின்றவர்கள்தான்.

படம் எடுத்து முடித்த பிறகு வந்தது செப்டம்பர் 11. 2002 மார்ச்சில் வரவேண்டிய படத்தை முன்கூட்டியே வெளியிட்டார்கள். தோல்வியில் முடிந்த ஒரு நாளைப் பற்றிய படம், புதிய போருக்குக் கிளம்பும் நாட்டுக்கு வீரப் படமாகப் போய்ச் சேர்ந்தது. இதற்கு ஸ்காட் பொறுப்பில்லை. ஆனால் காரணங்களைச் சொல்லாமல் வீரத்தை மட்டும் சொல்லும் படத்தை எந்தப் போருக்கும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

அந்த ஒரு ராத்திரியின் விளைவு எவ்வளவு தூரம் போனது என்பதும் படத்தில் மிகச் சுருக்கம். ஒரு வாரம் கழித்து ஹெய்ட்டி துறைமுகத்துக்குப் போன அமெரிக்கக் கப்பல், கரையில் ஆயுதம் ஏந்திய கூட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. 1994 மார்ச் கடைசிக்குள் அமெரிக்கப் படை சோமாலியாவை விட்டு வெளியேறியது. ஏப்ரலில் ருவாண்டாவில் இனப்படுகொலை தொடங்கியபோது, இன்னொரு மொகடிஷு வேண்டாம் என்ற பயம் வாஷிங்டனைக் கட்டிப்போட்டது.

இந்தக் குறைகளில் சிலவற்றைப் பின்னால் வந்தவர்கள் நிரப்பினார்கள். 2023இல் மலேசியாவில் ஏட்ரியன் தே இயக்கிய ‘மல்பாட்: மிசி பகாரா’ அந்த இரவை மலேசியப் படையின் பக்கமிருந்து சொன்னது. 2025 பிப்ரவரியில் நெட்ஃபிளிக்ஸில் மூன்று பகுதி ஆவணத் தொடர் ஒன்று வந்தது. அதைத் தயாரித்தது ரிட்லி ஸ்காட்டின் நிறுவனமே. அதில் அன்று சண்டையிட்ட அமெரிக்கர்களும், அதே தெருக்களில் குடியிருந்த சோமாலியரும், எதிரணியில் துப்பாக்கி பிடித்தவர்களும் கேமராவைப் பார்த்துப் பேசுகிறார்கள். குடும்பத்தை இழந்தவர்களும் பேசுகிறார்கள். படத்தை ஏற்கனவே பார்த்தவர்கள் அந்தத் தொடரைப் பார்த்துவிட்டு, படத்தை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். தொலைந்துபோன வாகன வரிசை வரும்போது, வண்டிக்குள் இருப்பவர்களோடு சேர்த்து, அது கடந்துபோகும் ஜன்னல்களையும் கவனியுங்கள்.